பால்மரமும் பேண்ட்சா பல்லும்

நான் வேலை செய்வது மலேசியாவில், கெடா மாநிலத்தின் கோலா கெட்டில் பக்கம் ஒரு பலகை மில்லில், அதுவும் ரம்பம் தீட்டும் அறையில். மில்லைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், என் உறவுக்காரர்கள் உட்பட, முதலில் கேட்பது பெரும்பாலும் "இந்த மிஷின் எத்தனை குதிரைசக்தி?" என்றுதான். மோட்டார் பெரிசாக இருந்தால் மரம் நன்றாக அறுபடும் என்று நினைக்கிறார்கள். தவுக்கேமாரிலும், அதாவது மில் முதலாளிகளிலும், அப்படி நினைக்கிறவர்கள் உண்டு. புது மிஷினுக்கு லட்சக்கணக்கில் போடுவார்கள், ஆனால் தீட்டும் அறைக்கு ஒரு நல்ல விளக்கு கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். மரம் பலகையாவதும் தூளாவதும் மோட்டாரில் இல்லை, பேண்ட்சா என்ற ரம்பத்தில் பல்லோடு ஓடுகிற, ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுப் பட்டையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். மரம் காட்டிலிருந்து வந்து எந்தெந்த மிஷினைக் கடந்து போகிறதோ அந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன், என் அறை வரும்போது மட்டும் கொஞ்சம் அதிகநேரம் நிற்பேன்.

எங்கள் மில்லுக்கு வருவது ரப்பர் மரம் மட்டும்தான். பால்மரம் என்றால்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும். நட்டு 25, 30 வருஷம் ஆனதும் பால் குறையும், தோட்டத்தில் மறுநடவுக்காக மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். முன்பெல்லாம் அப்படிச் சாய்த்த மரத்துக்கு மதிப்பே கிடையாது. ரப்பர் ஷீட்டு காயவைக்கும் புகைக்கூடத்துக்கு விறகு, செங்கல் சூளைக்கு விறகு, மிச்சத்தைக் காட்டிலேயே எரித்துவிடுவது, அவ்வளவுதான். மரம் வெட்டிய ஓரிரு நாளில் நீலப் பூஞ்சணம் பூத்துவிடும், வண்டு துளைத்துவிடும், அதனால் பலகைக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கெப்போங்கில் இருக்கும் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமும் மற்றவர்களும் மருந்து ஏற்றுவதையும் சூளையில் காயவைப்பதையும் ஒழுங்குபடுத்திய பிறகுதான், 1980-களில் இருந்து இந்த மரம் நாற்காலி மேசையாகி உலகம் முழுக்கப் போக ஆரம்பித்தது. இன்றைக்கு மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி இந்த மரம்தான். அறுத்த ரப்பர் பலகையை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று 2017-இல் அரசாங்கம் தடையே போட்டது, உள்ளூர்த் தளவாடத் தொழிற்சாலைகளுக்கே மரம் பற்றாமல் போனதால். எங்கள் அம்மா அப்பாவெல்லாம் விடிகாலையில் பந்தம் கட்டிக்கொண்டு பாலுக்காகச் சீவிய மரம் இது. அதில் ஒரு விரற்கடை வீணானாலும் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

சரி, காட்டிலிருந்து தொடங்குவோம். இப்போது தோட்டத்தில் மரத்தை வெட்டிச் சாய்ப்பதைவிட எக்ஸ்கவேட்டர் வைத்து வேரோடு தள்ளிவிடுவதுதான் அதிகம். பழைய வேர் மண்ணில் கிடந்தால் வெள்ளை வேர் நோய் புதுக் கன்றுக்குத் தாவும் என்பது காரணம். தள்ளிய மரத்தைத் துண்டு போடுவது செயின்சா. செயின்சா சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? இடது பக்கம் ஒரு பல், வலது பக்கம் ஒரு பல் என்று மாறி மாறி இருக்கும், ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சின்னதாக ஒரு திமில் இருக்கும். பல் ஒரு தடவைக்கு எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தத் திமில்தான். பல்லை மட்டும் தீட்டிக்கொண்டே போய்த் திமிலைத் தேய்க்காமல் விட்டால் சங்கிலி கூராக இருந்தும் மரத்தின் மேல் வழுக்கும். அதிகமாகத் தேய்த்தால் அகோரமாகக் கடித்து ஆளையே பின்னால் உதறும். மரத்திலிருந்து மாவு மாதிரி தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது, சுருள் சுருளாகச் சீவல் வந்தால் நன்றாக இருக்கிறது. இது ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதி செயின்சா வேலை தெரிந்த மாதிரி.

கட்டைகள் ஆறடி நீளத்தில் லாரியில் வந்து இறங்கும். ரப்பர் மரம் நேராக வளராது, அடி பெருத்து நுனி சிறுத்து, சீவிய பக்கம் புடைப்பும் வடுவுமாக இருக்கும், அதனால் இதற்கு மேல் நீளம் எடுத்தால் வளைவில் பாதி மரம் போய்விடும். வந்த கட்டையை வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் கிடையாது. நீலப் பூஞ்சணம் உள்ளே இறங்குவதற்குள் அறுத்து, அன்றைக்கோ மறுநாளோ மருந்துத் தொட்டிக்கு அனுப்பியாக வேண்டும். மில்லில் எல்லோரும் எப்போதும் அவசரமாக இருப்பதற்கு இதுதான் காரணம், அந்த அவசரத்தை முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வது ரம்பப் பல். மரப்பட்டையிலிருந்து வடியும் பால் ரம்பத்தின் இரண்டு பக்கமும் ஒட்டி இறுகும், சூடு ஏறும், ரம்பப் பட்டை அலை அடிக்கும். பால் பிடிக்கும் மங்கைத் தொங்கவிட்ட கம்பி சில கட்டைகளில் மரப்பட்டைக்குள் புதைந்து வெளியே தெரியாமலே இருக்கும். பல் அதில் பட்ட சத்தம் எனக்குத் தீட்டும் அறையிலிருந்தே கேட்டுவிடும்.

கட்டையை முதலில் பிளப்பது பேண்ட்சா. மேலும் கீழுமாக இரண்டு பெரிய சக்கரம், அவற்றின் மேல் முடிவில்லாமல் ஓடும் எஃகுப் பட்டை, ஒரு ஓரத்தில் பல். விநாடிக்கு 30, 40 மீட்டர் வேகத்தில் ஓடும். வட்ட ரம்பம் இதைவிடப் பழையது, இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பவர் 1777-லேயே காப்புரிமை வாங்கிய விஷயம். அதுவே விலை குறைவு, பராமரிப்பும் சுலபம், பிறகு எதற்கு பேண்ட்சா? வட்டத் தகடு ஆடாமல் நிற்க வேண்டுமென்றால் கனமாக இருந்தே தீரவேண்டும், விட்டம் கூடக் கூடக் கனமும் கூடும். பேண்ட்சா பட்டை இரண்டு சக்கரத்துக்கு நடுவில் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் மெல்லியதாக இருந்தாலும் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து அங்குலம், அதாவது 250 மில்லிமீட்டர் உயரமுள்ள மரம். 25 மில்லிமீட்டர் பலகையாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு அறுப்பிலும் 5 மில்லிமீட்டரைத் தூளாக்கும் வட்ட ரம்பத்தில் எட்டுப் பலகைதான் வரும். இரண்டரை மில்லிமீட்டர் மட்டும் எடுக்கும் பேண்ட்சாவில் ஒன்பது வரும். ஒரு கட்டைக்கு ஒரு பலகை என்றால் ஒரு நாளைக்கு எத்தனை, ஒரு வருஷத்துக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். ரப்பர் கட்டையில் பலகையாக வெளியே போவது எப்படியும் பாதிக்கும் கீழேதான். வளைவும் முடிச்சும் மரப்பட்டையும் மிச்சத்தைத் தின்றுவிடும், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ரம்பம் தின்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

பேண்ட்சாவின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. வில்லியம் நியூபெரி என்ற ஆங்கிலேயர் 1808-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சக்கரம், மேசை, ஓட்டும் முறை எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் மிஷின் பயன்படவில்லை. பட்டை சக்கரத்தில் வளைந்து வளைந்து நிமிரும்போது ஒட்டிய இடத்தில் அறுந்துகொண்டே இருந்தது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அந்த மிஷின் சும்மா கிடந்தது. 1846-இல் ஆன் போலான் கிரெப்பான் என்ற பிரெஞ்சுப் பெண் பட்டையை அறாமல் ஒட்டும் முறைக்குக் காப்புரிமை கேட்டார், பாரிஸில் பெரான் என்ற கம்பெனி அதை வாங்கிச் செய்தது, அப்புறம்தான் பேண்ட்சா உலகம் முழுக்கப் போனது. மிஷின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பட்டை சரியில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று நான் தவுக்கேயிடம் சொல்லும்போதெல்லாம் இதைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறேன்.

இப்போது என் அறைக்கு வருவோம். பேண்ட்சாவில் ஓடும் பட்டையைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி வேறு பட்டை மாட்டுவார்கள். இறக்கியது என்னிடம் வரும். முதலில் பாலும் பிசினும் போகத் துடைக்க வேண்டும். அப்புறம் வெளிச்சத்தில் வைத்துப் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள குழியை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வெடிப்பு பிறப்பது அங்கேதான். குழியின் அடி உருண்டையாக இருந்தால் பாரம் பரவும், சாணைக்கல் தப்பாக இறங்கி அங்கே ஒரு கூரான மூலை விழுந்துவிட்டால் மறுநாளே மயிரிழை மாதிரி ஒரு கோடு கிளம்பும். குழி இன்னொரு வேலையும் செய்கிறது, அறுத்த தூளைச் சுமந்து கட்டைக்கு வெளியே கொண்டுவந்து கொட்டுவது அதுதான். ஆழம் பற்றவில்லை என்றால் தூள் பக்கவாட்டில் பிதுங்கி, பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டி, ரம்பத்தைக் கோடு விட்டுத் தள்ளிவிடும். பலகை ஒரு முனையில் கனமாகவும் மறுமுனையில் மெல்லியதாகவும் வந்தால் ஓட்டுகிற ஆளைத் திட்டுகிறார்கள். பத்துக்கு ஏழு தடவை அது தீட்டியதில் உள்ள கோளாறு, இதைத் தீட்டுகிறவனாகிய நானே சொல்கிறேன்.

பிறகு பல்லின் நுனியை அகலப்படுத்துவது. பட்டையின் கனமும் பல்லின் அகலமும் ஒன்றாக இருந்தால் ரம்பம் மரத்துக்குள் இறுகிப் போகும். கை ரம்பத்தில் தச்சர்கள் ஒரு பல்லை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்ப்பார்கள், பார்த்திருப்பீர்கள். மில் பட்டையில் பெரும்பாலும் அப்படிச் சாய்ப்பதில்லை, பல் நுனியையே ஸ்வேஜ் என்ற கருவியால் அழுத்திப் பரப்பி, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே நிற்கும்படி செய்து, அப்புறம் ஓரத்தை ஒழுங்கு செய்வோம். ரப்பர் மரத்துக்கு அந்தப் பரப்பு கொஞ்சம் தாராளமாக வேண்டும். இந்த மரத்தில் சில இடங்களில் நார் இழுத்துப் பிடித்த மாதிரி வளர்ந்திருக்கும், அறுத்தால் வழவழப்பாக வராமல் பஞ்சு பிய்த்த மாதிரி மயிர் நிற்கும். மழுங்கிய பல்லாக இருந்தால் அந்த மயிர் ரம்பத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியில் வருவதுதான் உண்மையான வித்தை, பட்டைக்கு இழுவை ஏற்றுவது. ஓடும்போது பல் பக்கம் சூடேறி நீளும். ஆகவே பட்டையின் நடுப்பகுதியை முன்கூட்டியே கொஞ்சம் நீட்டி வைத்தால்தான் ஓரங்கள் விறைப்பாக நிற்கும். இரண்டு உருளைக்கு நடுவில் பட்டையை அழுத்தி ஓட்டி நீட்டுவோம், அப்புறம் பட்டையை வளைத்துப் பிடித்து, குறுக்கே ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, விளக்குக்கு எதிரே பார்ப்போம். நடுவில் மெல்லியதாக ஒரு பிறை வெளிச்சம் தெரிய வேண்டும். எங்கே கூடுதலாகத் தெரிகிறதோ, எங்கே தெரியவே இல்லையோ, அங்கே குறி போட்டு மறுபடி உருட்ட வேண்டும், மேடு பள்ளம் இருந்தால் பட்டடைமேல் வைத்துச் சுத்தியால் தட்ட வேண்டும். அந்த வெளிச்சத்தின் அளவைக் கண்ணுக்குப் பழக்குவது புத்தகத்தில் வராது. தவுக்கேயிடம் நான் நல்ல விளக்கு கேட்பது இதற்காகத்தான். பட்டையின் கனத்துக்கு மட்டும் ஒரு எளிய கணக்கு உண்டு: சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 42 அங்குலச் சக்கரத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று கனமான பட்டையை வாங்கி மாட்டினால் வளைந்து வளைந்து சீக்கிரமே வெடிக்கும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனப் பெரியவர், எல்லோரும் சிஃபு (ஆசான்) என்றுதான் கூப்பிடுவோம். அவர் முன்னால் காட்டுமர மில்களில் இருந்தவர். அங்கே கதையே வேறு. மெரந்தி, கெருயிங் கட்டைகள் ஆள் உயரத்துக்கு வரும், அவற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டியில் கொக்கி போட்டு இறுக்கி, வண்டியோடு பேண்ட்சா முன்னால் கொண்டுபோவார்கள். கெருயிங்கிலும் வெள்ளை மெரந்தியிலும் சிலிக்கா உண்டு, அதாவது மணலில் இருக்கிற அதே பொருள். சாதாரண எஃகுப் பல் கொஞ்ச நேரத்திலேயே தேய்ந்து மொட்டையாகிவிடும். அதற்குத்தான் ஒவ்வொரு பல் நுனியிலும் ஸ்டெல்லைட் உருக்கி ஒட்டித் தீட்டுவார்கள். கோபால்ட், குரோமியம், டங்ஸ்டன் கலந்த உலோகம் அது, சூட்டிலும் கூர் இறங்காது. ஒவ்வொரு பல்லாக ஒட்ட வேண்டும், ஒரு பட்டையில் எத்தனை பல் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிஃபுவின் கண் கடைசிவரை தெளிவாக இருந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பிளந்த பலகை அடுத்து இன்னொரு சின்ன பேண்ட்சாவுக்குப் போகும், பிறகு வட்ட ரம்பங்கள். ஒன்று ஓரத்தைக் கிழிப்பதற்கு, ஒன்று குறுக்கே நீளம் வெட்டுவதற்கு. இரண்டுக்கும் ஒரே தகட்டைப் போடக்கூடாது. நீளவாக்கில் கிழிக்கும் பல் உளி மாதிரி தட்டையாக நார்களைத் தோண்டி எடுக்க வேண்டும், குறுக்கே வெட்டும் பல் கத்தி மாதிரி ஓரத்தில் கூராக இருந்து முதலில் நாரை அறுக்க வேண்டும். மாற்றிப் போட்டால் மிஷின் அலறும், பலகை ஓரம் பிய்ந்து வரும். பல மில்களில் மாற்றித்தான் போட்டிருக்கிறார்கள்.

விரல் போவதும் பெரும்பாலும் இந்தக் கிழிக்கிற ரம்பத்தில்தான். ரப்பர் மரத்துக்குள் இழுவை அதிகம், கிழித்துக்கொண்டு போகும்போதே பின்னால் இரண்டு பாதியும் சேர்ந்து மூடித் தகட்டைக் கவ்வும். கவ்விய மறுகணம் சுற்றுகிற தகடு பலகையை ஆளை நோக்கி எறியும். அதைத் தடுக்கத் தகட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய பிளவுத்தகடு நிற்க வேண்டும். வேகமாக வேலை ஆகவில்லை என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டச் சொல்கிற ஒரு மில்லில் நான் வேலை பார்த்திருக்கிறேன், அங்கிருந்து வெளியே வந்ததற்கு அது ஒன்றே காரணம். இப்போது அந்த வேலையில் நிற்பது பெரும்பாலும் நேபாளத் தம்பிகளும் வங்காளதேசத் தம்பிகளும். மொழி தெரியாது, முதல் நாளே மிஷின் முன்னால் நிறுத்துகிறார்கள். பிளவுத்தகடு எதற்கு என்று கையால் சைகை காட்டியாவது அவர்களுக்குப் புரியவைக்காமல் மிஷினைப் போடக்கூடாது. பக்கத்தில் நின்று காட்ட பத்து நிமிஷம் போதும்.

சத்தமும் தூளும் கண்ணுக்குத் தெரியாத விரல்வெட்டு. ஒரு நாள் முழுவதும் சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் ஒரு ஆள் கேட்கக்கூடாது என்று மலேசியாவின் 2019 இரைச்சல் விதிமுறை சொல்கிறது, ஓடுகிற வட்ட ரம்பத்தின் பக்கத்தில் அதைச் சுலபமாகத் தாண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டால் போதாது.

அறுத்த பலகை அடைப்புள்ள இரும்பு உருளைக்குள் போகும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றுவார்கள். அப்புறம் சூளை, ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், ஈரம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு வெளியே எடுப்பார்கள். சூளைக்கு வேண்டிய நீராவி எங்கள் கழிவுக் கட்டையை எரித்தே கிடைக்கிறது. தூளைக் காளான் வளர்க்கிறவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் போவார்கள், சிப்பிக்காளான் ரப்பர் மரத்தூளில் நன்றாக வரும். காய்ந்த பலகை சுங்கை பட்டாணி பக்கமோ, தூரத்தில் மூவாருக்கோ போய், நாலு பக்கமும் இழைக்கும் மிஷினில் நுழைந்து, முனையில் விரல் விரலாகச் செதுக்கிப் பசை போட்டுக் கோத்து, குட்டைத் துண்டெல்லாம் நீளமான சட்டமாகி வெளியே வரும். ஆறடிக் கட்டையிலிருந்து பத்தடி மேசை வருவது அப்படித்தான்.

போன மாதம் என் அக்கா மகன் கேட்டான், "மாமா, கையோடு தூக்கிப் போகிற பேண்ட்சா மில் ஒன்று வாங்கலாமா? கம்பத்தில் (கிராமத்தில்) விழுகிற டுரியான், பலா மரத்தையெல்லாம் அறுத்துக் கொடுக்கலாம்" என்று. நல்ல யோசனை, வாங்கச் சொன்னேன். கட்டை தரையில் அசையாமல் கிடக்கும், மிஷின் தலைதான் அதன் மேல் நகரும், ஒரு ஆள் இரண்டு ஆள் போதும், பட்டை ஒன்றேகால் அங்குல அகலம்தான். அவன் இரண்டு எஞ்சின் அளவுகளை வைத்துக்கொண்டு பெரியதை எடுக்கலாமா என்று பார்த்தான். சின்னதை எடுக்கச் சொல்லிவிட்டேன். மிச்சப் பணத்தில் ஒரு பெட்டி பட்டை, தீட்டும் மிஷின், பல் சாய்க்கும் கருவி, ஆணி கம்பி கண்டுபிடிக்கும் கருவி ஒன்று. வீட்டு மரத்தில் கொடிக்கம்பி கட்ட அடித்த ஆணி எப்படியும் இருக்கும். கட்டையில் ஒட்டிய மண்ணைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு அறுக்க வேண்டும், சாயங்காலம் வேலை முடிந்ததும் மிஷினில் பட்டையை இழுத்துக் கட்டியிருப்பதைத் தளர்த்திவிட வேண்டும், அலை அலையாக அறுபட ஆரம்பித்த உடனே பட்டையை மாற்ற வேண்டும், தள்ளிப் பார்க்கக்கூடாது. தீட்டுவதை என்னிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். வேறு யாராவது பிள்ளைகள் இந்தப் பக்கம் இருந்து வர விரும்பினால் அவனோடு சேர்ந்து வரலாம். கையுறையும் கண்ணாடியும் நான் வைத்திருக்கிறேன்.